நீறு பூத்த நெருப்பு: அழற்சியைத் தணிக்கத் தாம்பரத்தில் ஒரு பழைய பாடம்

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் தாம்பரம் சானடோரியத்தில் நிற்கும். இறங்கி ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தென்சென்னைப் புறநகரின் உழைப்பும் நோயும் வைத்தியமும் இந்த ஒரு சாலையில் கூடியிருக்கின்றன.

இந்த இடத்துக்குப் பெயர் வரக் காரணம், 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கே தொடங்கிய காசநோய் இல்லம், அதாவது சானடோரியம். அவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் இதேபோன்ற இல்லத்தை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், சிறுகச் சிறுகக் கூட்டப்படும் உடலுழைப்பு, இவைதான் சிகிச்சை.

பிறகு மாத்திரைகள் வந்தன. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கியது. காசநோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். இன்னொரு பிரிவினரை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு. 1959-ல் வெளியான முடிவு உலகக் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. நெரிசலான வீட்டில், போதாத சாப்பாட்டோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமானார்கள். மாத்திரை ஜெயித்தது. சானடோரியங்களின் காலம் முடிந்தது.

இன்று இதே வட்டாரத்தை வாட்டுபவை வேறு நோய்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு, கல்லீரல் கொழுப்பு. இவற்றின் பின்னணியில் பொதுவாக இருப்பது நாள்பட்ட அழற்சி. இங்கே கணக்கு தலைகீழ். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை அது தொடர்ந்து கவனித்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. சாப்பாடும் நடையும் மாத்திரைக்குச் சமமாக நின்றன.

காசநோய்க்கு மாத்திரை வந்ததும் நாம் கைவிட்ட அந்த அன்றாட ஒழுங்குதான், நாள்பட்ட அழற்சிக்கு இன்றும் முதல் மருந்து. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

அழற்சி நல்லதா, கெட்டதா?

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. ரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே விரைந்து வந்து கிருமியோடு மோதுவதன் அடையாளம் அது. இந்த அழற்சி இல்லாவிட்டால் சின்னக் காயம்கூட உயிரைக் குடிக்கும். வேலை முடிந்ததும் அது தானாக அடங்கிவிடும்.

சிக்கல் அடங்காத அழற்சியில்தான். முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனாலும் உடம்பின் காவல் படை ஓயாமல் குறைந்த அளவில் வேலை செய்துகொண்டே இருக்கிறது. காய்ச்சல் வராது, பெரிதாக வலியும் தெரியாது. நீறு பூத்த நெருப்பாக அது வருடக்கணக்கில் உள்ளே இருந்து ரத்தக் குழாயின் உட்சுவரையும் கணையத்தையும் கல்லீரலையும் அரிக்கிறது. 'சுகர் பார்டர்லதான் இருக்கு' என்று நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளும் வருடங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இதைக் காட்டிக்கொடுக்கும் பொருள் ஒன்று உண்டு: சி.ஆர்.பி. என்ற புரதம். 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, கல்லீரலில் உற்பத்தியாவது. மிக நுண்ணிய அளவையும் காட்டும் 'ஹெச்.எஸ். சி.ஆர்.பி.' பரிசோதனை இப்போது பெரிய ஆய்வகங்களில் கிடைக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் ஆபத்து குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் காய்ச்சலோ காயமோ தொற்றோ இருக்கலாம். அது சரியான பிறகு மறுபடி பார்க்க வேண்டும். சளி, டெங்கு, பல்வலி எதுவும் இந்த எண்ணை ஏற்றிவிடும். ஆகவே ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது.

தொப்பை சும்மா இருப்பதில்லை

கொழுப்பு என்பது உடம்பு சேமித்து வைக்கும் எரிபொருள் மட்டுமே என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1993-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் காட்டினார்கள். வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு இதில் மிக மோசமானது.

நம் ஊர் நிலவரம் என்ன? டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆய்வுக் குழு 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உடம்பில் கொழுப்பு கூடக் கூட சி.ஆர்.பி.யும் கூடியிருந்தது, சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ளவர்களிடம் அது அதிகமாக இருந்தது. அதே குழுவின் டாக்டர் ஆர்.எம். அஞ்சனா முதன்மை ஆசிரியராக இருந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் நாடு முழுவதற்குமான படத்தைத் தந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேரிடம். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

நம்மவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கையும் காலும் ஒல்லியாக இருக்கும். எடை காட்டும் எண் மோசமாக இராது. வயிறு மட்டும் முன்னால் நிற்கும். எடை மிஷின் இதைச் சொல்லாது, இஞ்ச் டேப் சொல்லும். தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்: தெற்காசியர்களுக்கு இதுதான் எல்லைக் கோடு. செலவில்லாத பரிசோதனை, வீட்டில் தையல் மிஷின் இருந்தால் டேப்பும் இருக்கும்.

சோறு மூன்று சுற்று

நம் மதியச் சாப்பாட்டைக் கவனியுங்கள். சாம்பாருக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு. மூன்று சுற்றுக்கும் சேர்த்துத் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். இரவில் இட்லி, தோசை, அதுவும் அரிசி. இடையில் டீயோடு பிஸ்கட், அது மைதா. சென்னைவாசிகளிடம் நடத்திய ஆய்வொன்றில், ஒரு நாளைய கலோரியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது. அதிலும் பெரும்பங்கு வெள்ளை அரிசி.

21 நாடுகளில் 1,30,000-க்கும் மேற்பட்டோரைக் கவனித்து 2020-ல் வெளிவந்த ஆய்வு, வெள்ளைச் சோறு அதிகம் சாப்பிடுவோருக்குச் சர்க்கரை நோய் ஆபத்து கூடுவதைக் காட்டியது. அந்த ஆபத்து மிக அதிகமாக இருந்தது தெற்காசியாவில். வெள்ளைச் சோறு செரித்ததும் ரத்தச் சர்க்கரை சட்டென ஏறும். ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ரத்தக் குழாயின் உட்சுவர் பாதிக்கப்படுகிறது. மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக்கி வயிற்றில் சேர்க்கிறது.

அப்படியானால் சோற்றை விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறினால் போதுமா? போதாது. 2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தியர்களின் உணவில் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதில் ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் வெறும் 5 சதவீதக் கலோரியைப் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் ஆபத்து குறைகிறது. கேழ்வரகுக் களி நல்லதுதான். ஆனால் அதையும் மலைபோல் குவித்துச் சாப்பிட்டால் பலனில்லை.

செய்ய வேண்டியது எளிது. மூன்று சுற்றுச் சோற்றை ஒரு சுற்றாக்குங்கள். அந்த ஒரு சுற்றும் சாம்பாரோடு; சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருக்கட்டும். ரசத்தையும் மோரையும் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். கூட்டும் பொரியலும் கீரையும் தட்டில் பாதியை நிரப்பட்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவுத் தட்டின் கணக்கும் இதேதான். நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம், தானியம் 250 கிராம். ஒரு வீட்டில் நாலு பேர் என்றால் தினமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய் வேண்டும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ காய் வாங்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, அவரை, கொத்தவரை, புடலை, பூசணி எதுவானாலும் சரி. விலை கூடிய புரோக்கோலி தேவையே இல்லை.

காயிலும் பயறிலும் உள்ள நார்ச்சத்தைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அதுவே உணவு. அவை நாரை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. குடல் சுவரைக் காத்து அழற்சியைத் தணிப்பது அதுதான். நொதித்த உணவின் குணத்தை ஆராய நம்மூரிலேயே முயற்சி நடந்திருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எஸ். ஜெஸ்வந்த் குழுவினர் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று அரசு நிதியில் ஆராய்ச்சி மேற்கொண்டார்கள். பழைய சோறு நல்ல உணவு. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் அதையும் அளந்துதான் சாப்பிட வேண்டும்.

அசைவம் சாப்பிடுவோருக்கு மத்தி, அயிலை, நெத்திலி மூன்றும் வரப்பிரசாதம். அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு இவற்றில் நிறைய. வஞ்சிரத்தைவிட விலையும் குறைவு. பொரித்தால் பலன் குறைந்துவிடும், குழம்பில் போடுங்கள். சைவர்களுக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கொஞ்சம் எள்ளும் நல்லது, ஆனால் அவற்றில் ஒமேகா-3 மிகக் குறைவு. மருத்துவ உலகம் போற்றும் மத்தியதரைக்கடல் உணவின் சாரமும் பருப்பு, கீரை, மீன், கொட்டைகள்தான். ஆலிவ் எண்ணெயை விட்டால், நம் பாட்டிமார் சமையலில் இல்லாதது அதில் அதிகமில்லை.

ஆறு மணி பஜ்ஜி

மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலைய வாசலில் நின்று பாருங்கள். இரும்புச் சட்டியில் எண்ணெய் கறுத்து, ஓரங்களில் நுரை கட்டி நிற்கும். மிளகாய் பஜ்ஜி போட்டதும் அந்த நுரை பொங்கி மேலே வரும். காலையில் ஊற்றிய எண்ணெயின் மேலேயே மாலையில் கொஞ்சம் புது எண்ணெய் விழும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கெட்டு, உடம்பில் அழற்சியைத் தூண்டும் பொருள்களாகிறது. இந்தச் சிதைவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது.

பசியோடு வருகிறவரிடம் பஜ்ஜி சாப்பிடாதே என்று சொல்லிப் பயனில்லை. சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலை முடித்து, மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்து ஒன்பது மணிக்கு வீடு சேர்கிறவருக்கு ஆறு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். பையில் ஒரு டப்பா சுண்டலோ வேர்க்கடலையோ ஒரு கொய்யாவோ இருந்தால் அந்தக் கடை வாசலைக் கடந்துவிடலாம். அதைச் சாப்பிட்டுவிட்டால் இரவு பத்து மணிக்குப் பரோட்டா சால்னாவில் போய் விழும் வெறியும் வராது.

மஞ்சள் போதுமா?

அழற்சி என்றதும் வாட்ஸ்அப்பில் முதலில் வருவது மஞ்சள். அதிலுள்ள குர்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு. ஆய்வகத்தில் அது நிரூபணமான விஷயம். ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். குடலில் அது ஒட்டுவதும் குறைவு. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் குர்குமின் ரத்தத்தில் கலப்பது பல மடங்கு கூடும் என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1998-ல் காட்டியது. மிளகு ரசமும் மஞ்சள் போட்ட பருப்பும் தாராளமாகச் சாப்பிடலாம். குர்குமின் மாத்திரைகளை மட்டும் இஷ்டத்துக்கு விழுங்காதீர்கள். 2019-ல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. மூன்று சுற்றுச் சோறும் கறுத்த எண்ணெயும் தொடரும்போது, ஒரு சிட்டிகை மஞ்சளால் மட்டும் எதையும் சரிக்கட்ட முடியாது.

நடை, தூக்கம், பல்

நடக்கும்போது தசை ரத்தச் சர்க்கரையை இன்சுலினின் உதவி இல்லாமலேயே உறிஞ்சிக்கொள்கிறது. வேலை செய்யும் தசை அழற்சியை அடக்கும் பொருள்களையும் சுரக்கிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி: இரவுச் சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்க அந்த நேரத்து நடை நல்ல பலன் தரும். தெரு சரியில்லை என்றால் மொட்டை மாடி இருக்கிறது. சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையில் காலையும் மாலையும் நடப்பவர்கள் இதை ஏற்கெனவே புரிந்துகொண்டவர்கள்.

தூக்கம் குறைந்தால் மறுநாளே ரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன. மெப்ஸிலும் ஓ.எம்.ஆரிலும் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது கூடுதல் பாரம். அவர்கள் நள்ளிரவுச் சாப்பாட்டை இயன்றவரை எளிதாக்கிக்கொண்டு, பகலில் அறையை நன்றாக இருட்டாக்கி ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். வீட்டிலுள்ளவர்கள் அந்தத் தூக்கத்தைக் கலைக்காமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வைத்தியம்தான்.

பலரும் மறந்துவிடுவது ஈறு. பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் அங்கே நாள்பட்ட அழற்சி குடியிருக்கிறது. ஈறு நோயைச் சரிசெய்தால் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகையும் மதுவும் அழற்சியை ஏற்றுபவை. அவற்றில் பேரம் பேச எதுவும் இல்லை.

தனி மனிதரால் மட்டும் முடியாதது

2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது தென்சென்னை நாள்கணக்கில் புகையைச் சுவாசித்தது. காற்றிலுள்ள நுண்துகள் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து அழற்சியைக் கிளப்பும். சென்னையிலும் டெல்லியிலும் 12,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்து 2023-ல் வெளியான ஆய்வு, நுண்துகள் கூடிய காற்றுக்கும் புதிதாகச் சர்க்கரை நோய் வருவதற்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. டாக்டர் சவுரிமுத்து நல்ல காற்றை நம்பி வந்து இல்லம் கட்டிய ஊர் இது. குப்பையைத் தெருமுனையில் கொளுத்துவதை நிறுத்துவது அந்த ஊருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இந்த மாநகராட்சியிடம் மக்கள் கேட்க வேண்டிய முதல் மருத்துவ வசதி, தடையில்லாத நடைபாதை. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டு வாசலிலேயே பரிசோதிக்கப்படுகின்றன, மாத்திரையும் வருகிறது. அந்தப் பணியாளர் வரும்போது கதவைத் திறங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

அழற்சியைக் குறைத்தால் இதயத்துக்கு நல்லது என்பதற்கு 2017-ல் வலுவான சான்று கிடைத்தது. மாரடைப்பு வந்து பிழைத்த 10,000-க்கும் மேற்பட்டோரிடம், அழற்சியை மட்டும் அடக்கும் ஊசியைப் பரிசோதித்தார்கள். கொழுப்பின் அளவு மாறாமலே இதயப் பாதிப்புகள் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின. அழற்சியை அடியோடு அணைத்தால் காவலும் போய்விடுகிறது. சாப்பாடும் நடையும் தூக்கமும் அதை இயல்பான அளவுக்குத்தான் கொண்டுவருகின்றன. அதனால்தான் அவை பாதுகாப்பானவை.

அதே சமயம், முடக்குவாதம், குடல் அழற்சி, சொரியாசிஸ் போன்றவை தனி நோய்கள். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் வீங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, வாரக்கணக்கில் இருமல் நீடித்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். கஞ்சியும் கஷாயமும் போதும் என்று மருந்தை நிறுத்தியவர்கள் மூட்டு உருக்குலைந்த பிறகுதான் திரும்பி வருகிறார்கள். உணவு மருந்துக்குத் துணை, போட்டி அல்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள எல்லோரின் இடுப்பையும் அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். திங்கள் முதல் சோறு ஒரு சுற்று, காய் இரண்டு மடங்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பத்தோடு 15 நிமிட நடை. மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மருத்துவர் எழுதித் தரும் சீட்டுக்குத் துணை நிற்கும் வைத்தியம் இது. இன்றே தொடங்குங்கள்.